காது

புகார்ப் பதிவேட்டில் எட்டுப் பத்திகள்.
நாள், பெயர், கதவு எண்,
துர்நாற்றமா தேக்கமா கொசுவா,
யார்மீது, எப்போதிலிருந்து.
எட்டாவது பத்தி ‘முடிவு’.
அச்சகத்தில் அதற்கு எப்போதும்
இடம் பற்றாமல் போய்விடுகிறது.

பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பேரூராட்சி, சுகாதாரப் பிரிவு:
அதாவது நான், ஒரு மேசை,
கைப்பிடி போன புகைமருந்து இயந்திரம்,
மூலையில் ஈரம் ஏறிய பிளீச்சிங் பவுடர் மூட்டை.
செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு
தேசம்மா வந்தாள்.
விரலிடுக்கில் சாயப்பட்டறையின் கத்தரிப்பூ நிறம்.

அவள் வீடு எனக்குத் தெரியும்.
நகரி சாலையில் கடைசித் தெருவின் கடைசி வீடு.
வாசல் தமிழ்நாடு. அடுப்படி தமிழ்நாடு.
கொல்லைக் கதவைத் திறந்து
நாலு எட்டு வைத்தால் ஆந்திரா.
கழிப்பறைத் தொட்டி அந்த நாலாவது எட்டில்.
மாமனார் தோண்டியபோது
யாரும் எந்த மாநிலமென்று கேட்கவில்லை.

தொட்டி நிறைந்தது. மூடியோரம் கசிந்தது.
மனு கொடுத்தாள், ஐந்து மாதம்.
“தொட்டி நம்ம எல்லையில இல்லம்மா” என்றேன்,
ஐந்து மாதமும் நான்தான்.
ஒருமுறை அவளோடு அந்தப் பக்கமும் போனேன்.
கிராமச் செயலாளர் நல்ல மனிதர், மோர் கொடுத்தார்.
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
வீட்டு வரி ரசீதைக் கேட்டார். பார்த்தார்.
“மாதி காது” என்றார்.

காது.
நம் மொழியில் அது உறுப்பு.
அவர்கள் மொழியில் மறுப்பு.
தேசம்மாவுக்கு இரண்டும் வரும்.
பேருந்தில் திரும்புகையில் சொன்னாள்:
“இந்தப் பக்கம் காது கேக்கல.
அந்தப் பக்கம் கேட்டா காது.”
அவளே சிரித்துக்கொண்டாள்.
நான் ஜன்னலுக்கு வெளியே
எதையோ பார்த்தேன்.

இந்தச் செவ்வாய் கையில் மனு இல்லை.
புகார்.
“யார் மேல?”
“பதினேழு பார் நாலு.”
“அது உங்க வீடாச்சே.”
“ஆமா சார். நாத்தம் தாங்கல.
அந்தப் பொம்பளைமேல நடவடிக்கை எடுங்க.”

மனுவுக்குக் கெடு கிடையாது.
புகாருக்கு ஏழு நாள்.
இதை எங்கே படித்தாள்?
என் தலைக்குமேல், சுவரில்,
நானே ஆணியடித்த பலகையில்.
ஐந்து மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு
எழுத்துக்கூட்டிப் படிக்க
வேறென்ன வைத்திருந்தோம் இந்த அறையில்?

புகார்தாரருக்கும் எதிர்தரப்புக்கும் உறவு
என்றொரு பத்தி.
பேனாவைத் திறந்தபடி யோசித்தேன்.
“பேச்சுவார்த்தை இல்லைன்னு எழுதுங்க” என்றாள்.
எழுதினேன்.

ஆறாம் நாள் கஜபதியின் லாரி வந்தது.
அதன் உரிமம் என் கையெழுத்துதான்:
மாநில எல்லையைத் தாண்டக் கூடாது.
ஆள் உள்ளே இறங்கக் கூடாது,
இந்த வரிக்கு மட்டும்
சிவப்பில் அடிக்கோடு போட்டிருந்தேன்.
குழாயைப் பற்றி உரிமம் பேசவில்லை.

வாசலில் நின்றது லாரி.
குழாய் நிலைப்படி ஏறியது,
கூடத்தைக் கடந்தது,
கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பையன்
நோட்டோடு காலைத் தூக்கிக்கொண்டான்.
சாமி படங்களைச் சுவர் பார்க்கத் திருப்பியிருந்தாள்.
அடுப்படி, கொல்லைக் கதவு,
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எட்டு.
முப்பது மீட்டரில் ஒரு முழம்தான் மிச்சம்.
மோட்டார் உறுமியதும் எல்லோரும் மூக்கை மூடினோம்.
தேசம்மா மட்டும் மூடவில்லை,
இடுப்பில் கை வைத்து நின்றாள்,
வழக்கில் ஜெயித்தவள் போலவும்
தோற்றவள் போலவும்.

‘முடிவு’ பத்தியில் இடித்து நெருக்கி
‘தீர்ந்தது’ என்று எழுதினேன்.

அடுத்த செவ்வாய்
பெஞ்சில் நாலு பெண்கள்.
எல்லாம் கடைசித் தெரு.
முதலாமவளிடம் கேட்டேன், யார்மேல் என்று.
தலையைக் குனிந்து
தன் கதவு எண்ணைச் சொன்னாள்.

கஜபதிக்குப் போன் போட்டேன்:
“இதைவிட நீளமா குழாய் இருக்காய்யா?”